பீட்ரூட் வேர் ஏன் நின்றது: தேயிலை பிடுங்கிய இருபது சென்ட்டில் மூன்று போகம்

நன்றாக வளர்ந்த பீட்ரூட்டைப் பிடுங்குவதென்றால் மண்ணோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். அந்த ஜூலை மாதம் நான் தொட்ட செடி இரண்டு விரலிலேயே கையோடு வந்துவிட்டது. விதைத்து எண்பது நாள் ஆகியிருந்தது, கிழங்கு பெரிய நெல்லிக்காய் அளவுதான், இலைகள் சிறுத்து ஓரமெல்லாம் கருஞ்சிவப்பாக. கிழங்கைக்கூட விடுங்கள், அதற்குக் கீழே இருந்ததைப் பார்த்துத்தான் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆணிவேர் சுண்டுவிரல் நீளத்தில் மொட்டையாக நின்றுவிட்டது. சல்லிவேரே இல்லை என்று சொல்லலாம். பக்கவாட்டில் கிளம்பிய நாலைந்து வேர்களும் தடித்து, கட்டையாக, நுனி பழுப்பேறி, வளைத்தால் படக்கென்று ஒடிந்தன. நூல் நூலாக மண்ணைப் பிடித்துக்கொண்டு வர வேண்டிய வேர்கள், உடைந்த பவளத் துண்டுகள் மாதிரி இருந்தன.

எங்கள் நிலம் கோத்தகிரிப் பக்கம். மாமனார் காலத்திலிருந்து தேயிலைதான். பச்சைத்தேயிலை விலை கையைக் கடிக்க ஆரம்பித்ததும், பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற கையோடு, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள இருபது சென்ட்டில் மட்டும் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் காய்கறி போடலாம் என்று முடிவு செய்தேன். தூர்களைத் தோண்டி எடுக்கவே இரண்டு மாதம் ஆனது. தொழுவுரம் கொட்டி, பாத்தி கட்டி, ஏப்ரலில் பீட்ரூட் விதைத்தோம். முளைப்பு நன்றாகவே இருந்தது. நாலு இலை விட்ட பிறகுதான் செடி சவலை பாய ஆரம்பித்தது.

முதலில் நான் செய்ததெல்லாம் தவறு, அதையும் எழுதிவைக்க வேண்டும். இலை ஊதா பாய்ந்தால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைவு என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் டிஏபி (டை அமோனியம் பாஸ்பேட்) உரம் வாங்கிப் போட்டேன். பத்து நாள், பதினைந்து நாள் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. மதியம் வாடுகிறதே என்று தண்ணீரைக் கூட்டினேன். பக்கத்துத் தோட்டக்காரர் நூற்புழுவாக இருக்கும் என்றார். அவர் பயந்ததில் நியாயம் உண்டு, உருளைக்கிழங்கைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இந்தியாவிலேயே முதன்முதலில் 1961இல் நீலகிரியில்தான் கண்டறியப்பட்டது, அந்தப் பெயரைக் கேட்டாலே இங்கே எல்லோருக்கும் வயிறு கலங்கும். ஆனால் பீட்ரூட்டில் வேர்முடிச்சு நூற்புழு இருந்தால் வேரில் முடிச்சு முடிச்சாகத் தெரிய வேண்டும். லென்ஸ் வைத்துப் பார்த்தேன், முடிச்சு ஒன்றுகூட இல்லை. வேரில் எதுவும் புதிதாக முளைத்திருக்கவில்லை, வேர் வளர்வதையே நிறுத்தியிருந்தது.

எங்கள் நிலத்தில் ரொம்ப காலமாக வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம், கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவரிடம் அந்தச் செடியைக் காட்டினேன்.

"டீச்சரம்மா, இந்த மண்ணுக்குத் தேயிலை மட்டுந்தான் புடிக்கும். தேயிலை எடுத்த எடத்துல பீன்ஸ் போட்டாலும் இப்படித்தான் முடங்கும்."

"ஏன் அண்ணே அப்படி?"

"ஏன்னு எனக்கு என்னம்மா தெரியும். ஆனா ஒண்ணு, பெரிய தோட்டத்துல கவாத்து வெட்டினா டோலமைட் தூவுவாங்க. நம்ம எடத்துல அத யாரும் போட்டதா நான் பார்க்கல."

டோலமைட் என்பது மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள், மண்ணின் புளிப்பை, அதாவது அமிலத்தைக் குறைக்கப் போடுவது. அந்த வார்த்தைதான் என் மண்டையில் விளக்கைப் போட்டது. கூடவே வாசலில் நிற்கும் ஹைட்ரேஞ்சியாவும். பத்து வருடமாக அது நீலமாகத்தான் பூக்கிறது, நானும் அழகு என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பூ நீலமாவதற்குக் காரணம், அமில மண்ணில் கரையும் அலுமினியம் செடிக்குள் ஏறி, பூவிலுள்ள நிறமியோடு சேர்ந்துகொள்வது. வீட்டு மண்ணில் அலுமினியம் கரைந்து கிடக்கிறது என்று வாசலிலேயே ஒரு செடி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

சரி, அளந்து பார்ப்போம் என்று இறங்கினேன். இருபது கிராம் மண், ஐம்பது மி.லி. காய்ச்சி வடித்த நீர், நன்றாகக் கலக்கி அரை மணி நேரம் வைத்து மீட்டரை விட்டால் பிஹெச் 4.4. (பிஹெச் என்பது புளிப்பைக் காட்டும் எண், ஏழு நடுநிலை, அதற்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு அதிகம்.) மேல்மண் இப்படி. பதினைந்திலிருந்து முப்பது செ.மீ. ஆழத்து மண் 4.3. காய்கறிக்கு ஆறு, ஆறரை இருந்தால் நல்லது, அதிலும் பீட்ரூட் புளிப்பு மண்ணைக் கொஞ்சமும் தாங்காத பயிர்.

இந்த மண் இப்படி ஆனதற்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. மலைமண், மழை சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கழுவிக் கீழே கொண்டுபோய்விடும். அதன்மேல் முப்பது நாற்பது வருடம் தழைச்சத்துக்காக (நைட்ரஜன்) அமோனியம் சல்பேட்டும் யூரியாவும் போட்டிருக்கிறோம். அமோனியம் மண்ணில் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. 100 கிலோ அமோனியம் சல்பேட் உண்டாக்கும் அமிலத்தைச் சரிக்கட்ட ஏறத்தாழ 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் வேண்டும். போட்ட மூட்டைகளை எண்ணிப் பார்த்தால் கணக்கு பயமுறுத்துகிறது. நான் போட்ட டிஏபியிலும் அமோனியம் உண்டு, ஆக நானும் என் பங்குக்குப் புளிக்க வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு விஷயத்தைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும், இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வேரை நிறுத்துவது பெரும்பாலும் அமிலம் நேரடியாக அல்ல. அலுமினியம் எல்லா மண்ணிலும் இருக்கிறது, பூமியின் மேலோட்டில் ஆக்சிஜன், சிலிக்கானுக்கு அடுத்து அதிகம் உள்ள தனிமம் அதுதான், எடையில் சுமார் 8 சதவீதம். களிமண்ணுக்குள் கட்டுண்டு கிடக்கும்வரை யாருக்கும் தொந்தரவில்லை. பிஹெச் 5.5க்குக் கீழே இறங்கும்போது கரையத் தொடங்குகிறது, ஐந்துக்குக் கீழே போனால் மூன்று நேர்மின்னூட்டம் கொண்ட அயனியாக வெளியே வருகிறது. அலுமினியம் ஹைட்ராக்சைடு கரையும் கணக்குப்படி பிஹெச் ஒரு படி இறங்கினால் அந்த அயனி ஆயிரம் மடங்கு கூடலாம். 5.4க்கும் 4.4க்கும் இடையே ஒரு எண்தானே என்று நினைக்கக் கூடாது.

வழக்கமான மண் பரிசோதனை அட்டையில் பிஹெச், உப்பு நிலை, தழை மணி சாம்பல் எல்லாம் இருக்கும், அலுமினியம் இருக்காது. அதனால் நானே அளந்தேன். நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தைத் திறந்துவிட்டார்கள், அதற்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். பொட்டாசியம் குளோரைடு லிட்டருக்கு 74.5 கிராம் கரைத்து, அதில் 100 மி.லி. எடுத்து, உலர்த்திச் சலித்த மண் 10 கிராமோடு அரை மணி நேரம் குலுக்கினேன். களிமண்ணில் ஒட்டியிருக்கும் அலுமினியத்தைப் பொட்டாசியம் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். வடிகட்டினால் கண்ணாடி மாதிரி தெளிந்த நீர் கிடைக்கும். அதில் 50 மி.லி. எடுத்து, காரம் ஏறினால் இளஞ்சிவப்பாகும் ஃபீனால்ஃப்தலீன் விட்டு, 0.02 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கொண்டு தரம்பார்த்தேன், அதாவது அமிலத்தைச் சரிக்கட்ட எத்தனை மி.லி. ஆகிறது என்று அளந்தேன்.

முப்பது வருடம் மாணவர்களுக்குத் தரம்பார்த்தல் சொல்லிக்கொடுத்த எனக்கே இது புதிதாக இருந்தது. சொட்டுச் சொட்டாக விடும்போது, தெளிந்த நீரில் மெல்லிய வெண்மூட்டம் ஒன்று கிளம்பியது, கஞ்சித் தெளிவை மேலே பார்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதுதான் அலுமினியம், ஹைட்ராக்சைடாகி மிதக்கிறது. என் பீட்ரூட்டை நிறுத்திய பொருளை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்திவிடக் கூடாது, அரை நிமிடத்தில் மங்கிவிடும், திரும்ப இரண்டு சொட்டு, திரும்ப மங்கும், நிறம் நிலைக்கும்வரை பொறுமை வேண்டும். மண் சேர்க்காத வெற்றுக் கரைசலுக்கு ஆன அளவைக் கழித்தபின் 6.9 மி.லி. இது மொத்த அமிலம். இதில் அலுமினியத்தின் பங்கு எவ்வளவு என்று பார்க்க, அதே குடுவையில் சோடியம் ஃபுளோரைடு கரைசலை விட்டேன். (இது நஞ்சு, கையுறை இல்லாமல் தொடக் கூடாது, வாய்ப் பிப்பெட் கூடவே கூடாது.) ஃபுளோரைடு அலுமினியத்தைக் கவ்விக்கொண்டு ஹைட்ராக்சைடை வெளியே விட்டுவிடும், குடுவை முழுக்க ஒரே நொடியில் ரோஜா நிறம் பாய்ந்தது. அதை 0.02 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் நிறம் போகும்வரை தரம்பார்த்தால் 5.8 மி.லி. இந்த அளவுகளை 0.4ஆல் பெருக்கினால் 100 கிராம் மண்ணுக்கு எத்தனை மில்லி சமானம் (அயனிகளை அவற்றின் மின்னூட்டத்தோடு சேர்த்து எண்ணும் அலகு) என்று வந்துவிடும். அலுமினியம் மேல்மண்ணில் 2.3. அடிமண்ணில் 2.9.

எண் கிடைத்துவிட்டது. ஆனால் வேர் நின்றதற்கு அமிலமா, அலுமினியமா என்பதை எண் சொல்லாதே. அதற்காக வீட்டுச் சமையலறை ஜன்னலோரம் நாலு கண்ணாடி டம்ளர் வைத்தேன். இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், கொஞ்சம் சுத்தமாகச் செய்தால் போதும். அலுமினியத்துக்குப் படிகாரம், மளிகைக் கடையிலேயே கிடைக்கும், அதன் எடையில் சுமார் 5.7 சதவீதம் அலுமினியம். ஒரு கிராம் படிகாரத்தை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதில் 50 மி.லி.யை எடுத்து ஒரு லிட்டராக்கினால் லிட்டருக்கு ஏறத்தாழ 2.8 மி.கிராம் அலுமினியம். முதல் டம்ளரில் மிகச் சிறிதளவு கால்சியம் குளோரைடு கலந்த நீர் மட்டும். இரண்டாவதில் அதே நீர், நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டி பிஹெச் 4.4. மூன்றாவதில் அதே 4.4, கூடவே படிகாரம். நான்காவதில் மூன்றாவதில் உள்ளதெல்லாம், அதோடு துளி சிட்ரிக் அமிலம் சேர்த்து, சமையல் சோடாவால் பிஹெச்சைத் திரும்ப 4.4க்குக் கொண்டுவந்தேன். டம்ளர் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டி, இரண்டு நாள் முளைகட்டிய கோதுமையை வேர் நீரில் படும்படி வைத்தேன்.

அமிலத்துக்கு வினிகர் ஊற்றலாமா என்றால் வேண்டாம். நான் முதல் தடவை அப்படித்தான் செய்தேன், அசெட்டிக் அமிலமே வேரைச் சுட்டுவிட்டது, மூன்று நாள் வீண்.

மூன்றாம் நாள் ஸ்கேல் வைத்து அளந்தேன், டம்ளருக்குப் பத்து விதை, சராசரி. கால்சியம் நீரில் வேர் 40 மி.மீ. வளர்ந்திருந்தது. வெறும் அமிலத்தில் 35. அதாவது 4.4 பிஹெச் மட்டும் கோதுமை வேரைப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. படிகாரம் சேர்த்த டம்ளரில் 6 மி.மீ. அவ்வளவுதான். நுனி தடித்து மஞ்சளாகி, குறுக்கே மெல்லிய வெடிப்புகள், அச்சு அசலாக என் பீட்ரூட் வேரின் சின்ன உருவம். சிட்ரிக் அமிலம் சேர்த்ததில் 31. அதே அலுமினியம்தான், அதே பிஹெச்தான், ஆனால் சிட்ரேட் அதைப் பிடித்து வைத்துக்கொண்டதால் வேர் ஓடிவிட்டது. அந்தக் காலை நாலு டம்ளரையும் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துவிட்டு எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை, அடுப்பில் பால் பொங்கி வழிந்த பிறகுதான் நகர்ந்தேன்.

சிட்ரிக் அமிலத்தை நான் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. அலுமினியம் தாங்கும் பயிர்கள் செய்வது இதைத்தான். தாங்கும் கோதுமை ரகங்கள் வேர்நுனியிலிருந்து சிட்ரேட் போன்ற இன்னொரு கரிம அமிலமான மாலேட்டைக் கசியவிட்டு அலுமினியத்தைக் கட்டிவிடுகின்றன, அந்த வேலையைச் செய்யும் மரபணு 2004இல் கண்டறியப்பட்டது. சோளம் சிட்ரேட்டைக் கசியவிடுகிறது, பக்வீட் ஆக்சலேட்டை. தானியங்களில் அதிகம் தாங்குவது நெல். ஆசைக்கு ஒரு டம்ளரில் முளைகட்டிய நெல்லையும் வைத்துப் பார்த்தேன், படிகார நீரிலும் மூன்றில் இரண்டு பங்கு நீளம் ஓடியிருந்தது.

வேரின் எந்த இடத்தில் இது உட்காருகிறது என்று பார்க்கச் சாயம் ஏற்றினேன். ஹீமாடாக்சிலின் என்ற சாயம் அலுமினியத்தோடு சேர்ந்தால் நீலஊதா ஆகும். ஆனால் பள்ளி உயிரியல் ஆய்வகத்தில் இருக்கும் தயார் புட்டியை எடுத்து ஏமாறாதீர்கள், டெலாஃபீல்டு ஹீமாடாக்சிலினில் படிகாரம் ஏற்கெனவே கலந்திருக்கிறது, எந்த வேரை முக்கினாலும் ஊதாதான். தூளாக வாங்கி 0.2 சதவீதக் கரைசலில் சிட்டிகை பொட்டாசியம் அயோடேட் சேர்த்து, வேரை நன்றாக அலசிவிட்டு, இருபது நிமிடம் ஊறவைத்து மறுபடி அலச வேண்டும். முதல் இரண்டு டம்ளர் வேர்கள் வெளிறிய நிறத்தில் அப்படியே இருந்தன. படிகார டம்ளர் வேரில் கடைசி இரண்டு மூன்று மி.மீ. மட்டும் மை தொட்டு வைத்தது போல ஊதா. மேலே உள்ள வேர்ப்பகுதி வெள்ளை.

விஷயமே அந்த இரண்டு மி.மீ.தான். வேர் நீள்வது முழுவதும் நுனியில் நடக்கிறது, வேர் மூடிக்குப் பின்னால் செல்கள் பிரிந்து, அதற்குச் சற்றுப் பின்னால் நீள்கின்றன. செல்சுவரிலுள்ள பெக்டின் என்ற பசைப்பொருள் எதிர்மின்னூட்டம் கொண்டது, சாதாரணமாக அதைப் பிடித்துக் கட்டியிருப்பது கால்சியம். மூன்று மின்னூட்டத்தோடு வரும் அலுமினியம் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, சுவர் விறைத்துப்போகிறது, செல் நீள முடியாமல் பக்கவாட்டில் பருக்கிறது. உணர்வு மிகுந்த பயிரில் இது நாள்கணக்கில் நடப்பதில்லை, ஓரிரு மணி நேரத்திலேயே வளர்ச்சி குறையத் தொடங்கிவிடும். வேர் நின்றால் சல்லிவேரும் வேர்த்தூவியும் இல்லை, தண்ணீர் எட்டாது, அதனால்தான் ஈரம் இருந்தும் மதியம் வாடியது. மண்ணிலுள்ள மணிச்சத்தை அலுமினியம் பிடித்துக் கரையாத பாஸ்பேட்டாக்கிவிடும், அதனால்தான் இலை ஊதா, அதனால்தான் நான் போட்ட டிஏபி வீண். மேலே தெரிந்ததெல்லாம் பஞ்சமும் தாகமும், நோய் இருந்தது மண்ணுக்குக் கீழே. இலையைப் பார்த்து உரம் போடும் பழக்கத்தை நான் அன்றைக்கு விட்டேன், இப்போதெல்லாம் முதலில் மண்வெட்டியைத்தான் எடுக்கிறேன்.

தேயிலை மட்டும் எப்படி இருந்தது என்று கேட்கலாம். தேயிலை அலுமினியத்தைச் சேர்த்துவைக்கும் செடி, முற்றிய இலையின் காய்ந்த எடையில் ஒரு சதவீதத்துக்கு மேலேயே இருக்கக்கூடும், கொஞ்சம் அலுமினியம் இருந்தால் அதன் வேர் இன்னும் நன்றாக வளரும். அந்த முற்றிய இலை உதிர்ந்தும் கவாத்தில் வெட்டுப்பட்டும் திரும்ப மண்மேல் விழுகிறது. ஆக இந்த மண் தேயிலைக்கு வீடு. பெரியவர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் சரி.

இனி மருந்து. சுண்ணாம்புக்கல் தூளோ டோலமைட்டோ போட்டால் அமிலம் குறைந்து, அலுமினியம் ஹைட்ராக்சைடாகிக் கரையாமல் படிந்துவிடும். எவ்வளவு என்பதற்கு, கரையும் அலுமினியத்தை வைத்தே கணக்குப் போடும் முறையை 1970இல் காம்ப்ராத் என்ற அமெரிக்க மண்ணியலாளர் எழுதினார். ஹெக்டேருக்கு 15 செ.மீ. ஆழ மண் சுமார் 20 லட்சம் கிலோ என்று வைத்துக்கொண்டால், ஒரு மில்லி சமானம் அலுமினியத்துக்கு ஒரு டன் கால்சியம் கார்பனேட். மண்ணில் வேறு அமிலமும் இருப்பதால் ஒன்றரை மடங்கு, பீட்ரூட் மாதிரி தாங்காத பயிருக்கு இரண்டு மடங்கு. என் 2.3க்கு 4.6 டன், அதாவது சென்ட்டுக்குப் பதினெட்டரை கிலோ. பத்து சென்ட்டுக்கு ஐம்பது கிலோ மூட்டை நாலு வாங்கினேன். மீதிப் பத்து சென்ட்டை உருளைக்கிழங்குக்கு விட்டேன், அது புளிப்பை ஓரளவு தாங்கும், சுண்ணாம்பு கூடினால் அதற்குச் சொறிநோய் வரும்.

டோலமைட்டா, சுட்ட சுண்ணாம்பா என்று யோசித்து, ஒரே ஒரு பாத்தியில் நீர்த்த சுண்ணாம்பும் போட்டுப் பார்த்தேன். வேகமாக வேலை செய்கிறது, ஆனால் அரைகுறையாக மக்கிய தொழுவுரத்தோடு சேர்ந்ததும் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை, தழைச்சத்தெல்லாம் காற்றில் போகிறது என்று அர்த்தம். டோலமைட் மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் மக்னீசியமும் கிடைக்கும். தூள் எவ்வளவு நைசோ அவ்வளவு நல்லது, விரலில் தேய்த்தால் மாவு மாதிரி இருக்க வேண்டும், நறநறவென்றால் வாங்காதீர்கள்.

செப்டம்பரில் தூவி, களைக்கொத்தால் கிளறிவிட்டு, ஐப்பசி கார்த்திகை மழைக்கு விட்டோம். ஜனவரியில் விதைத்தோம். செடி அருமையாகக் கிளம்பியது, இலை பளபளவென்று, ஊதா எங்குமே இல்லை. பெரியவர் தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மார்ச்சில் வெயில் ஏறியதும் மறுபடியும் மதியம் வாடல். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்தத் தடவை உரக்கடைக்குப் போகவில்லை. பாத்தி ஓரம் இரண்டு அடிக்குக் குழி வெட்டி, குழியின் சுவரைக் கத்தியால் சீவி, தண்ணீரை மெல்லப் பீய்ச்சி மண்ணைக் கழுவினேன். மேலே எட்டு செ.மீ. வரை வெள்ளை வேர்கள் பின்னிப் பின்னி, சாக்கு மாதிரி. அதற்குக் கீழே ஒரு கோடு கிழித்தது போல வேர் நின்றிருந்தது. சில வேர்கள் அந்தக் கோட்டைத் தொட்டதும் படுக்கை வசமாகத் திரும்பி ஓடியிருந்தன, ஒன்றிரண்டு கீழே அரை அங்குலம் போய் நுனி பழுத்து நின்றுவிட்டன. மேல் எட்டு செ.மீ. மண் பிஹெச் 6.1, அதற்குக் கீழே 4.6. களைக்கொத்து எவ்வளவு ஆழம் போனதோ அவ்வளவு ஆழத்தில்தான் டோலமைட் இருந்தது. பதினைந்து செ.மீ.க்குக் கணக்கிட்ட மருந்தை எட்டு செ.மீ.க்குள் திணித்திருக்கிறேன். சுண்ணாம்பு தானாகக் கீழே இறங்கும் என்று நம்பியிருந்தேன், அது வருடக் கணக்கில் ஒரு சில செ.மீ.தான் இறங்கும். வேர் போக வேண்டிய இடத்துக்குக் கையால்தான் கொண்டுபோக வேண்டும்.

அந்த மேல்மண்ணில் இன்னொரு தொந்தரவும் வந்தது. அறுவடையில் சில கிழங்குகளை நறுக்கினால் உள்ளே கருப்புத் திட்டுகள். சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் போரான் செடிக்குக் கிடைக்காமல் போகும், பீட்ரூட் அதை உடனே காட்டிவிடும். அடுத்த போகத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் போராக்ஸ் கரைத்து இரண்டு தடவை தெளித்ததும் திட்டு இல்லை.

மே மாதம் பத்து சென்ட்டையும் இரண்டாகப் பிரித்தேன். ஐந்து சென்ட்டில் மேல்மண்ணை வாரி ஒதுக்கி, அடிமண்ணைக் கடப்பாரையால் முப்பது செ.மீ. வரை உடைத்து, சென்ட்டுக்குப் பதினேழரை கிலோ டோலமைட்டை அந்த அடிமண்ணோடு கலந்து, மேல்மண்ணைத் திரும்பப் பரப்பினோம். மூன்று பேருக்கு ஆறு நாள் வேலை. எல்லா நிலத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது, கூலி கட்டாது, அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். மீதி ஐந்து சென்ட்டில் தோண்டாமல் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) மட்டும், சென்ட்டுக்கு எட்டு கிலோ, மேலே தூவிவிட்டோம். ஜிப்சம் பிஹெச்சை ஏற்றாது. ஆனால் சுண்ணாம்புக்கல்லைவிடப் பல மடங்கு கரையும், மழையோடு இறங்கி அடிமண்ணுக்குக் கால்சியத்தைக் கொண்டுபோகும், அதன் சல்பேட் அலுமினியத்தோடு சேர்ந்து வேருக்குத் தீமை குறைந்த வடிவமாக்கிவிடும். பிரேசிலில் செராடோ என்ற பெரும் புல்வெளிப் பிரதேசம் இதே நோயால் விவசாயத்துக்கு ஆகாது என்று கிடந்தது. சுண்ணாம்பும் மணிச்சத்தும் போட்டு மேல்மண்ணையும், ஜிப்சம் போட்டு அடிமண்ணையும் திருத்தித்தான் அதை விளைநிலமாக்கினார்கள், அந்த வேலைக்காக மூன்று பேருக்கு 2006இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

ஜூலையில் விதைத்து நவம்பர் தொடக்கத்தில் பிடுங்கினோம். ஒவ்வொரு தடவையும் நடுப்பாத்தியில் நூறு செடியை எடுத்து எடை போடுவது என் வழக்கம். முதல் போகத்தில் நூறு கிழங்கு 2.8 கிலோ. டோலமைட் மேலோடு நின்ற இரண்டாம் போகத்தில் 8 கிலோ. இந்தத் தடவை ஜிப்சம் பகுதியில் பதினொன்றரை, ஆழத் திருத்திய பகுதியில் 15 கிலோ. இதில் மழையின் பங்கும் இருக்கும், இரண்டாம் போகம் கோடையில் போனது, இது நல்ல ஈரத்தில். அதனால் எடையை மட்டும் நம்பாமல் இரண்டு பகுதியிலும் குழி வெட்டினேன். ஜிப்சம் பகுதியில் வேர் இருபது செ.மீ. வரை போயிருந்தது, மெலிந்து, ஆனால் உயிரோடு. ஆழத் திருத்திய பகுதியில் முப்பத்து நான்கு.

அந்த முப்பத்து நான்காவது செ.மீ.யில் இருந்த நுனியை ஊசியால் மண்ணை விலக்கி வெளியே எடுத்தேன். வெள்ளையாக, கூராக இருந்தது, அதற்குக் கொஞ்சம் மேலே வேர்த்தூவிகள் மண்ணைப் பிடித்துக்கொண்டு உதறினாலும் விடவில்லை. பெரியவர் என் கையிலிருந்து வாங்கி, உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"இது இன்னும் கீழ போகுமா டீச்சரம்மா?"

குழியின் அடியிலிருந்து ஒரு பிடி மண் எடுத்து உலர வைத்திருக்கிறேன். அந்த ஆழத்தில் நாங்கள் எதுவும் போடவில்லை. அடுத்த சனிக்கிழமை பள்ளி ஆய்வகத்தில் தரம்பார்த்துவிட்டு அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.